குறைந்த காய்களிலிருந்து சதுரங்கம்: மாணவர்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

சதுரங்கம் கற்க வரும் மாணவருக்குப் பெரும்பாலும் ஒரே முறையில்தான் அது சொல்லித் தரப்படுகிறது. 32 காய்களையும் பலகையில் அடுக்கி, எந்தக் காய் எப்படி நகரும் என்பதைச் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டு, உடனே முழு ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். எட்டுச் சிப்பாய்களும் இரண்டு குதிரைகளுமாக, முதல் நகர்த்தலிலேயே வெள்ளைக்கு 20 வழிகள் உள்ளன. கருப்புக்கும் அதே 20 வழிகள். ஆளுக்கு ஒருமுறை நகர்த்தி முடிப்பதற்குள் 400 வெவ்வேறு நிலைகள் உருவாகக்கூடிய ஓர் ஆட்டத்தில், நேற்றுக் கற்கத் தொடங்கியவர் எதைப் பார்த்து எதை முடிவு செய்ய முடியும்? அவர் குத்துமதிப்பாகக் காய்களைத் தள்ளுவார், ராணியை இழப்பார், தோற்பார். இரண்டு வாரத்தில் இது அறிவாளிகளுக்கான விளையாட்டு என்று சொல்லி ஒதுங்கிவிடுவார். குறை அவருடைய அறிவில் இல்லை. பலகையில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் காய்கள் இருந்ததுதான் குறை. சில காய்களோடு தொடங்கி, ஒவ்வொன்றும் பழகிய பிறகு அடுத்ததைச் சேர்த்துக்கொண்டு போனால், பொழுதுபோக்காகத் தொடங்கிய ஆட்டம் பொழுதுபோக்காகவே நீடிக்கும். அந்த வழியைத்தான் இக்கட்டுரை பின்பற்றுகிறது.

முதலில் பலகை. எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள், வெளிர் நிறமும் கரு நிறமும் மாறி மாறி. ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் வலக்கைப் பக்கம் அருகிலுள்ள மூலையில் வெள்ளைக் கட்டம் வரும்படி பலகையை வைக்க வேண்டும். இடமிருந்து வலமாகச் செல்லும் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்துகளும், வெள்ளையின் பக்கத்திலிருந்து மேலே செல்லும் கிடைவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்களும் உண்டு. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இ4, டி5 என ஒரு முகவரி இருக்கிறது. இந்த முகவரிகளைத் தொடக்கத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. பிற்பாடு எந்த நூலைப் படித்தாலும், யாருடைய ஆட்டத்தை ஆராய்ந்தாலும் அவை வேண்டியிருக்கும். இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டுகளையும் ஒரு பலகையில் காய்களை வைத்து நகர்த்திப் பார்த்தால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

இனி சிப்பாய்களும் ராஜாக்களும் மட்டும் உள்ள ஆட்டம். இரு பக்கத்திலும் எட்டுச் சிப்பாய்களை அவற்றின் வரிசையிலும் (வெள்ளைக்கு 2, கருப்புக்கு 7) ராஜாக்களை அவற்றின் இடத்திலும் (வெள்ளைக்கு இ1, கருப்புக்கு இ8) வைத்துவிட்டு, மற்ற காய்களைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். சிப்பாய் முன்னோக்கி மட்டுமே, ஒரு கட்டம் நகரும். தொடக்க இடத்திலிருந்து புறப்படும்போது மட்டும், விரும்பினால் இரண்டு கட்டம் நகரலாம். ஆனால் அது எதிர்க்காயை வெட்டுவது நேர் முன்னால் அன்று, மூலைவிட்டமாக ஒரு கட்டம் முன்னால். நகர்வது ஒரு திசையிலும் வெட்டுவது வேறு திசையிலுமாக உள்ள ஒரே காய் இதுதான்; புதியவர்கள் முதல் சில நாட்கள் இதில்தான் தடுமாறுவார்கள். ராஜா எத்திசையிலும் ஒரு கட்டம் செல்லும், ஆனால் எதிரியின் தாக்குதலில் உள்ள கட்டத்துக்குச் செல்லக் கூடாது. கடைசி வரிசையை எட்டும் சிப்பாய் ராணியாகவோ யானையாகவோ பிஷப்பாகவோ குதிரையாகவோ மாறலாம் என்பது முழு ஆட்டத்தின் விதி. இந்தச் சிற்றாட்டத்தில், முதலில் ஒரு சிப்பாயைக் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்ப்பவரே வென்றவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எளிமையாகத் தோன்றும் இந்த ஆட்டத்தில் சதுரங்கத்தின் கணக்கு முழுவதும் இருக்கிறது. ஒரு நிலையைப் பாருங்கள். வெள்ளைச் சிப்பாய் ஏ5-இல் நிற்கிறது, கருப்பு ராஜா இ5-இல் நிற்கிறது, வெள்ளை ராஜா உதவ முடியாத தொலைவில் இருக்கிறது. கருப்பு ராஜா அந்தச் சிப்பாயைப் பிடித்துவிடுமா? ஒவ்வொரு நகர்த்தலாக மனத்துக்குள் எண்ணிப் பார்க்கலாம். அதைவிட விரைவான வழி ஒன்றும் உண்டு. சிப்பாய் நிற்கும் ஏ5-இலிருந்து அது போய்ச் சேர வேண்டிய ஏ8 வரையுள்ள நீளத்தை ஒரு பக்கமாகக் கொண்டு, ராஜா இருக்கும் திசையில் ஒரு சதுரத்தைக் கற்பனை செய்ய வேண்டும். அதன் மூலைகள் ஏ5, ஏ8, டி8, டி5. அடுத்து நகர்த்த வேண்டியது கருப்பு என்றால், ராஜா டி6-க்கு வந்து சதுரத்துக்குள் நுழைந்துவிடும். சிப்பாய் ஏ8-இல் ராணியாக மாறினாலும் அதை அங்கேயே வெட்டிவிடும். அடுத்த நகர்த்தல் வெள்ளையுடையது என்றால், சிப்பாய் ஏ6-க்கு முன்னேறியதும் சதுரம் சுருங்கிவிடுகிறது. ராஜா வெளியிலேயே நின்றுவிடும். காய்கள் நிற்கும் இடம் ஒன்றே, முறை யாருடையது என்பது மட்டுமே வேறு. ஆனால் முடிவு தலைகீழாகிறது. ஒரேயொரு நகர்த்தலுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதை 32 காய்கள் நெருக்கியடிக்கும் பலகையில் ஒரு தொடக்க மாணவருக்குக் காட்டவே முடியாது.

சிப்பாய்க்கு இன்னொரு சிறப்பு விதியும் உண்டு. எதிரியின் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்றால், அது ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்ததாகக் கருதி அடுத்த நகர்த்தலிலேயே அதை வெட்டலாம். என் பாசான் எனப்படும் இதைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அடுத்து நெடுந்தொலைவு செல்லும் காய்களைச் சேர்க்கலாம். யானை நேர்க்கோட்டிலும், பிஷப் மூலைவிட்டத்திலும், ராணி இரண்டு வகையிலும், தடை இல்லாத வரை எவ்வளவு தொலைவும் செல்லும். வெறும் பலகையில் யானை எங்கு நின்றாலும் 14 கட்டங்களைத் தாக்கும். பிஷப் நடுவில் நின்றால் 13 கட்டங்கள், மூலையில் நின்றால் 7 மட்டுமே. ராணிக்கு நடுவில் 27, மூலையில் 21. குதிரை ஒரு திசையில் இரண்டு கட்டமும் அதற்குச் செங்குத்தாக ஒரு கட்டமும் சென்று நிற்கும். இடையில் உள்ள காய்களைத் தாண்டக்கூடியது அது ஒன்றே. நடுவில் அதற்கு 8 கட்டங்கள், மூலையில் வெறும் 2. காய்களை நடுப்பகுதி நோக்கிக் கொண்டுவாருங்கள் என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வதற்கு இந்த எண்களே காரணம். யானைக்கு மட்டும் அது பொருந்தாது என்பதும் இவற்றிலிருந்தே தெரிகிறது; யானைக்கு வேண்டியது சிப்பாய்கள் அடைக்காத திறந்த நெடுவரிசை.

குதிரையைப் பழக, பலகையில் அதைத் தனியாக ஏ1 மூலையில் வைத்து, அதற்கு மூலைவிட்டமாக அடுத்துள்ள பி2 கட்டத்துக்கு எத்தனை நகர்த்தலில் கொண்டு போகலாம் என்று தேடச் சொல்லலாம். ராஜா ஒரே அடியில் செல்லும் அந்த இடத்துக்குக் குதிரைக்கு நான்கு நகர்த்தல்கள் வேண்டும்: சி2, இ3, டி1, பி2. இதை ஒருமுறை தானே கண்டுபிடித்த மாணவர் அதன் பிறகு குதிரையைப் பார்த்து மலைப்பதில்லை.

காய்களின் மதிப்பைப் பொதுவாகச் சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று கணக்கிடுவார்கள். இவை விதிகள் அல்ல. வெட்டிக்கொள்வது இலாபமா நட்டமா என்று விரைவாக முடிவு செய்வதற்கான தோராயம் மட்டுமே. ராஜாவுக்கு மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் அதை வெட்டும் நிலை ஆட்டத்தில் வருவதே இல்லை.

ராஜாவைத் தாக்குவது செக். செக் வைக்கப்பட்டால் தப்ப மூன்றே வழிகள் உண்டு: ராஜா விலகிக்கொள்ளலாம், இடையில் ஒரு காயை வைத்து மறைக்கலாம், தாக்கும் காயை வெட்டலாம். மூன்றும் இல்லையென்றால் அது செக்மேட், ஆட்டம் முடிந்தது. ராஜா செக்கில் இல்லை, ஆனால் விதிப்படி நகர்த்த எந்தக் காயும் இல்லை என்றால் அது ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். வெல்லும் நிலையில் உள்ள தொடக்க மாணவர்கள் வெற்றியைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். கருப்பு ராஜா தனியாக எச்8 மூலையில் நிற்கும்போது வெள்ளை தன் ராணியை ஜி6-இல் வைத்தால், ஜி7, ஜி8, எச்7 ஆகிய மூன்று கட்டங்களும் அடைபட்டுவிடுகின்றன, எச்8 மட்டும் தாக்கப்படவில்லை. கையில் ஒரு முழு ராணி மிகுதியாக இருந்தும் ஆட்டம் சமனில் முடிகிறது.

முதல் மேட்டாகக் கற்க வேண்டியது இரண்டு யானைகளைக் கொண்டு தனி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளுவது. வெள்ளைக்கு ஏ4-இலும் பி1-இலும் யானைகள், ஜி1-இல் ராஜா. கருப்பு ராஜா இ5-இல். ஏ4 யானை நான்காம் வரிசை முழுவதையும் காவல் காப்பதால் கருப்பு ராஜா கீழே இறங்க முடியாது. மற்ற யானை பி5-க்கு வந்து செக் வைக்கிறது. ராஜா ஆறாம் வரிசைக்கு ஏறியாக வேண்டும். டி6 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஏ4 யானை ஏ6-க்கு வந்து மீண்டும் செக். ராஜா சி7-க்குச் செல்கிறது. வழக்கம்போல அடுத்த யானையைப் பி7-க்குக் கொண்டுபோய்ச் செக் வைக்கக் கை துறுதுறுக்கும். அங்கே சற்று நிறுத்த வேண்டும்: பி7 கட்டம் ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதற்குப் பாதுகாப்பும் இல்லை, ஆகவே ராஜா யானையை வெட்டிவிடும். சரியான நகர்த்தல், பி5 யானையை அதே வரிசையில் மறுகோடிக்கு, எச்5-க்குக் கொண்டுபோவது. ராஜா பி7-க்கு வந்து ஏ6 யானையைத் துரத்தினால், அதையும் ஆறாம் வரிசையிலேயே ஜி6-க்கு நகர்த்திவிடலாம். இப்போது இரண்டு யானைகளும் ராஜாவின் கைக்கு எட்டாத தொலைவில் நிற்கின்றன. ராஜா சி7-க்குத் திரும்புகிறது, எச்7-இல் செக், ராஜா டி8, ஜி8-இல் செக்மேட்.

இந்தச் சில நகர்த்தல்களில், துரத்தினால் மட்டும் போதாது, ஓடுவதற்கு உள்ள இடத்தையும் அடைக்க வேண்டும் என்பதை மாணவர் கையால் செய்து அறிகிறார். தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதை விட ஆட்டத்தின் இறுதிப் பகுதியை முதலில் கற்பதே மேல் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த கியூபாவின் கபபிளாங்காவும் இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்கும் முறையையே வலியுறுத்தியவர்.

முழு ஆட்டத்துக்கு வரும்போது, ராஜாவைப் பாதுகாப்பான ஓரத்துக்குக் கொண்டுசெல்லும் காசிலிங் என்ற நகர்த்தலையும் கற்க வேண்டும். ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் நகர, யானை அதைத் தாண்டி மறுபக்கத்தில் ஒட்டி நிற்கும். இரண்டும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது, இடையில் காய்கள் இருக்கக் கூடாது, ராஜா அப்போது செக்கில் இருக்கக் கூடாது, அது கடக்கும் கட்டமும் சேரும் கட்டமும் எதிரியின் தாக்குதலில் இருக்கக் கூடாது.

தொடக்கத்தில் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஒரு சிப்பாயை நடுவில் நிறுத்துதல், குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவருதல், காசிலிங் செய்தல், காரணமில்லாமல் ஒரே காயை மீண்டும் மீண்டும் நகர்த்தாமல் இருத்தல். ஆனால் வகுப்பறைகளில் பரவலாக ஆடப்படுவது இதற்கு நேர்மாறான ஒரு தந்திரம். வெள்ளை சிப்பாயை இ4-இல் வைக்கிறது, கருப்பு இ5. வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது, கருப்புக் குதிரை சி6-க்கு. வெள்ளை ராணி எச்5-க்குப் பாய்கிறது. கருப்பு, ராணியைத் துரத்துவதாக நினைத்துக்கொண்டு மற்ற குதிரையை எஃப்6-இல் வைக்கிறது, ராணி எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது, செக்மேட். எஃப்7 கட்டத்தைத் தொடக்கத்தில் காப்பது ராஜா ஒன்றுதான். ராணிக்குப் பின்னால் பிஷப் துணை நிற்பதால் ராஜா ராணியை வெட்டவும் முடியாது.

இதைப் பிறர் மேல் பிரயோகிக்கக் கற்பது வீண்; தடுக்கக் கற்பது மிகப் பயனுள்ளது. ராணி எச்5-இல் வந்து நின்றதும், அது அங்கிருந்து எதைப் பார்க்கிறது என்று கேட்டால் எஃப்7 தெரிந்துவிடும். ஜி7 சிப்பாயை ஜி6-க்கு நகர்த்தினால் ராணியின் வழி அடைபடுகிறது, ராணியும் விரட்டப்படுகிறது. அது எஃப்3-க்குப் பின்வாங்கி மீண்டும் எஃப்7-ஐக் குறிவைத்தால், இப்போது குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து மறைக்கலாம். கணக்குப் பார்த்தால் வெள்ளை ராணி இரண்டு முறை நகர்ந்து, தன் குதிரைக்குரிய நல்ல கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. கருப்பின் குதிரைகள் இரண்டும் களத்தில் இறங்கிவிட்டன. அவசரத் தாக்குதலை அமைதியாகத் தடுத்தவருக்கே ஆட்டம் சாதகமாகிவிட்டது.

இந்த எடுத்துக்காட்டில் உள்ள கேள்வியைத்தான் தொடக்க மாணவர் ஒவ்வொரு நகர்த்தலிலும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்: எதிரி இப்போது ஏன் அந்தக் காயை அங்கே வைத்தார்? அதற்கு விடை கண்ட பிறகே தன் திட்டத்தைப் பற்றி நினைக்க வேண்டும். நகர்த்துவதற்கு முன் இன்னொரு பார்வை: நான் வைக்கப்போகும் இடத்தில் என் காயை யாராவது வெட்ட முடியுமா? தொடக்க நிலை ஆட்டங்கள் பெரும்பாலும் ஆழ்ந்த திட்டங்களால் முடிவாவதில்லை. பாதுகாப்பின்றி விடப்பட்ட ஒரு காயால் முடிவாகின்றன. இவ்விரு கேள்விகளும் பழக்கமானால், தந்திரங்கள் தாமாகக் கண்ணில் படத் தொடங்கும். எடுத்துக்காட்டாக, ராஜா இ8-இலும் யானை ஏ8-இலும் இருக்கும்போது எதிரியின் குதிரை சி7-க்கு வந்தால், இரண்டையும் ஒருசேரத் தாக்கும். அந்தக் குதிரையை வெட்ட முடியாவிட்டால் ராஜா விலகியே ஆக வேண்டும், யானை பறிபோகும். ஃபோர்க் எனப்படும் இந்த இரட்டைத் தாக்குதல் வரப்போவதை ஒரு நகர்த்தலுக்கு முன்பே பார்ப்பதில்தான் திறமை இருக்கிறது.

சதுரங்கம் ஆடினால் கணக்கு நன்றாக வரும், நினைவாற்றல் பெருகும் என்று சொல்லிப் பிள்ளைகளை இதில் சேர்ப்பவர்கள் உண்டு. இது குறித்துக் கொஞ்சம் நிதானம் வேண்டும். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2016-இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வில், சதுரங்கப் பாடம் பெற்ற மாணவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே, பயிற்சி முடிந்து ஓராண்டுக்குப் பின் வைக்கப்பட்ட கணிதத் தேர்வில் வேறுபாடு தென்படவில்லை. நினைவாற்றல் குறித்து வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரை விடப் பல மடங்கு காய்களைச் சரியான இடத்தில் திரும்ப வைத்தார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்களிடம் இருந்தது பொதுவான நினைவாற்றல் அன்று. பல ஆட்டங்களைக் கண்டு பழகியதால் காய்களைக் கூட்டம் கூட்டமாக அடையாளம் காணும் பழக்கம். ஆகவே மதிப்பெண்ணுக்காக ஒரு மாணவரைப் பலகை முன் உட்கார வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழை நாளிலும், உடல்நலம் குன்றி ஓடியாட முடியாத நாட்களிலும், வயதில் மிக மூத்த ஒருவருடன் சமமாக அமர்ந்து ஆட முடிவதே இதற்குப் போதுமான காரணம். பார்வையற்ற மாணவர்கள் ஆடுவதற்கென்று, கருப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்தும், காய்கள் துளைகளில் பொருந்தி நிற்கும்படியும் அமைந்த பலகைகள் உள்ளன. அவர்களும் பார்வையுள்ளவர்களும் ஒரே விதிகளின்கீழ் ஒருவரோடொருவர் ஆடுகிறார்கள்.

ஆட்ட ஒழுங்கில் தொடக்கத்திலிருந்தே கடைப்பிடிக்க வேண்டியது, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி. நண்பர்களுக்குள் ஆடும்போது இதைத் தளர்த்துவது அன்பு போலத் தோன்றும். ஆனால் நகர்த்தலைத் திரும்பப் பெறலாம் என்று தெரிந்தவர் நகர்த்துவதற்கு முன் யோசிக்கவே மாட்டார். கடிகாரத்துக்கு அவசரம் வேண்டாம். ஒருவருக்கு 10 நிமிடமும் அதற்குக் குறைவாகவும் தரும் பிளிட்ஸ் ஆட்டங்கள் பார்க்க விறுவிறுப்பானவை. கேள்வி கேட்டு நகர்த்தும் பழக்கம் வருவதற்கு முன் அவற்றில் இறங்கினால் கை மட்டுமே வேகமாகும். ஒருவருக்கு அரை மணி நேரம் என்ற அளவு தொடக்கத்துக்குப் பொருத்தம்.

ஆடும்போதே நகர்த்தல்களை ஒரு தாளில் எழுதிவரலாம். இ4, இ5, பிஷப் சி4 என்று கட்டத்தின் முகவரியைக் குறித்தால் போதும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து அதைத் திரும்ப ஆடிப் பார்த்து, எந்த நகர்த்தலில் நிலைமை மாறியது என்று தேட வேண்டும். 1997-இல் டீப் புளூ என்ற கணினி அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தொடர் ஒன்றில் வென்றது. இன்று கைப்பேசியில் ஓடும் நிரல்களே எந்த மனிதரையும் விட வலுவானவை. எனவே தவறு எங்கே என்று கணினியிடம் கேட்டுவிடுவது எளிது. ஆயினும் முதலில் இருவரும் தாங்களே தேடி, தங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே கணினியின் விடையைப் பார்க்க வேண்டும். ஊகமும் விடையும் வேறுபடும் இடத்தில் உள்ள நிலையைப் பலகையில் அப்படியே வைத்து, அடுத்த ஆட்டத்தை அங்கிருந்தே, பக்கம் மாறி அமர்ந்து தொடங்கலாம்.